அங்கமுத்து மேஸ்திரியின் பத்து நாள்

திருச்செங்கோட்டு ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் எங்கள் பக்கத்தில், அங்கமுத்து மேஸ்திரியிடம் வண்டியை விட்டவர்கள் எல்லோருக்கும் கிடைத்த பதில் ஒன்றே ஒன்றுதான்: பத்து நாள். பெயின்ட் அடிக்க வந்த வண்டிக்கும் பத்து நாள், புளியமரத்தில் மோதி மூக்கு நசுங்கி வந்ததற்கும் பத்து நாள், வெறும் சேஸிஸாக வந்து முழு பஸ்ஸாகத் திரும்ப வேண்டியதற்கும் பத்து நாள். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி மரியாதை அது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். துளசிமணிக்கும் தெரியும், முப்பது வருடம் லாரி டிரைவரோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாமல் இருக்குமா, ஆனால் அவளுடைய நிலைமை நிஜமாகவே பத்து நாளுக்கு மேல் தாங்காத நிலைமையாக இருந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்து முப்பத்தைந்து வருடம் டேங்கர் லாரி ஓட்டியவர். சர்க்கரையில் வலது கால் மரத்துப்போய், தான் மிதிப்பது பிரேக்கா ஆக்சிலேட்டரா என்று காலுக்கே தெரியாமல் போன அன்று சாவியை ஓனர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார், வந்து குளித்தார், சாப்பிட்டார், படுத்தார், கட்டில் நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. நகராத கட்டிலில் அந்த மனிதருக்குத் தூக்கம் வரவில்லை, ஒரு நாள் இல்லை இரண்டு நாள் இல்லை, ஏழு மாதம். ஊஞ்சல் கட்டிப் பார்த்தாள், அது போன வழியே திரும்பி வருகிறது என்று இறங்கிவிட்டார். டவுன் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தாள், ஸ்டாப்புக்கு ஸ்டாப் விழித்துக்கொண்டார். வீட்டில் இருந்த பழைய ஜீப்பின் பின்சீட்டில் அவருடைய ஆறடி உடம்பு மடங்கவில்லை. இரவெல்லாம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார், நடந்துகொண்டே பைபாஸ் பக்கம் போய்விடுவாரோ என்று துளசிமணி பின்னாலேயே நடப்பாள். டவுன் டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்து ஓய்ந்துபோய், இப்படியே விழித்திருந்தால் பிரஷர் ஏறி மூளையில் ஒரு நரம்பு வெடிக்கும், அது இந்த மாதமா அடுத்த மாதமா என்பதுதான் தெரியவில்லை என்று அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த வாரம்தான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவின் பின்னால் ஒரு கேரவன் கிடக்கிறது என்று அவளுக்குத் தகவல் வந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பஸ் மாதிரிக் கேரவன் இல்லை, எஞ்சினே இல்லாத, காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகிற, முட்டை வடிவத்தில் அலுமினியத் தகடு போர்த்திய வீடு. எந்தக் காலத்திலோ ஒரு துரை கப்பலில் கொண்டுவந்தது, அவர் போன பிறகு நாற்பது வருடம் அதில் கோழி அடைந்திருந்தது. எடுத்துப் போனால் இடம் சுத்தமாகும் என்று தோட்டத்துக்காரர்கள் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். துளசிமணியின் கணக்கு சுலபமானது. இதைச் சரிசெய்து, ஜீப்பின் பின்னால் கட்டி, உள்ளே அவரைப் படுக்க வைத்து, தானே ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கவேண்டும். அதற்காக ஐம்பத்து நாலாவது வயதில் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு வேலிகளையும் ஒரு வைக்கோல் போரையும் சாய்த்து, லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

லாரியில் ஏற்றி வந்து பட்டறையில் இறக்கியபோது அங்கமுத்து மேஸ்திரி சுற்றிவந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். வெளியே தகடு, உள்ளே பலகை, ஒரு பாலிஷ், ஒரு பெயின்ட், இது ஒரு வேலையா என்று தோன்றும் வண்டி.

"மேஸ்திரி, எத்தன நாளாகுமுங்க?"

"பத்து நாளுங்கம்மணி."

பழைய வண்டியைப் புதுசாக்குகிறவனுக்கு மட்டும் தெரிந்த கஷ்டம் ஒன்று இருக்கிறது, கழற்றுவதற்கு ஒரு வாரம் போதும், கழற்றியது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் காலம் போகும். கோழி எச்சத்தைச் சுரண்டினால் அடியில் தரைப்பலகை இல்லை, தரைப்பலகை இருந்த இடத்தில் தரைப்பலகையின் நிறத்தில் செல் அரித்துச் சேர்த்த மண் இருந்தது. பலகையை மாற்றலாம் என்று பார்த்தால் அதைத் தாங்கிய சட்டம் விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. சட்டம் ஏன் மட்கியது என்று மேலே தேடினால் கூரையில் தண்ணீர் இறங்கும் வழி, அதைத் திறந்தால் அதற்குள் இன்னொரு வழி. வளைந்த கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் பொருத்தும் ரப்பர் பீடிங் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. சக்கரத்தின் பேரிங் எந்தக் கடையிலும் இல்லாத அளவு, லேத்தில் கடைந்துதான் எடுக்கவேண்டும். ஒன்பதாம் நாள் அச்சையும் சக்கரத்தையும் உருவி லேத்துக்கு அனுப்பிவிட்டு, கூட்டை நான்கு பனங்கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். பத்தாம் நாள் துளசிமணி வந்து நின்றாள், எலும்புக்கூட்டைப் பார்த்தாள், அழுதாள், மேஸ்திரி இன்னும் பத்து நாள் என்றார்.

பதினோராம் நாள் காலையில் கேரவன் கிளம்பியது.

அங்கமுத்து மேஸ்திரி கீழே உட்கார்ந்து சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். டூல் பெட்டி எட்டவில்லை என்று மூன்று தடவை பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார், நான்காவது தடவைதான் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, நகர்வது வேலை என்று கண்டுகொண்டார். எஞ்சின் இல்லாமல், சக்கரம் இல்லாமல், அச்சு இல்லாமல், நான்கு கட்டைகளையும் அடியில் கூட்டிக்கொண்டு, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு முழம் என்ற கணக்கில் அது பட்டறையை விட்டு வெளியே வந்து, ரோட்டோரம் இடதுபுறம் ஒதுங்கி, விதிப்படி போக ஆரம்பித்தது. மேஸ்திரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்னால் போய் விட்ட இடத்திலிருந்து இழைக்கத் தொடங்கினார். மற்ற பட்டறைக்காரர்களும் ஏணியையும் உளிகளையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதானே ஆள் இருக்கவேண்டும்.

அன்று மத்தியானம் துளசிமணி நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு சண்டை போட வந்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர், ஏழு மாதமாக ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் நிற்காத மனிதர், கேரவன் ஓரத்தில் கையை வைத்தார், தலையைச் சாய்த்துக் கேட்டார், மரத்த காலைத் தூக்கி உள்ளே வைத்து ஏறி, மூன்றே பலகை போட்டிருந்த தரையில் நீட்டிப் படுத்தார். துளசிமணி சண்டையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தபோது குறட்டை வந்துகொண்டிருந்தது. அவள் நம்பாமல் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள், மூச்சு சூடாக, நிதானமாக வந்தது. பத்தொன்பது மணி நேரம் தூங்கினார். சுற்றி ரிவெட் அடித்தார்கள், தகடு வெட்டினார்கள், பக்கத்தில் லாரிகள் ஏர்ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போயின, அவர் அசையவில்லை. லாரியில் தூங்கிப் பழகியவர்களைச் சத்தம் எழுப்பாது, நின்றால்தான் எழுந்திருப்பார்கள்.

அது ஏன் நகர்கிறது என்று கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். எங்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. மேஸ்திரிக்கு டிரில் ஓட்டக் கரண்ட் வேண்டும், பட்டறை வயர் ஐம்பதாவது அடியில் தீர்ந்துவிட்டது, அங்கிருந்து எந்த வீட்டுக்கு எதிரே கேரவன் போகிறதோ அந்த வீட்டு ஜன்னல் வழியாக வயர் கொடுப்பது என்று ஆயிற்று. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீடுகள்கூட, ஒருத்தர் வயரை உருவ இன்னொருத்தர் மாட்ட, வாயைத் திறக்காமல் கரண்டைக் கைமாற்றிவிட்டன. டீக்கடை பாவாயி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள், மூன்றாம் நாள் கடையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். பஸ் கண்டக்டர்கள் கேரவன் ஸ்டாப் என்று ஒன்றைக் கூவ ஆரம்பித்தார்கள், அது வாரத்துக்கு வாரம் தள்ளிப்போனது. கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள், முகூர்த்த நாளன்று கேரவன் எங்கே வந்திருக்கும் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு எதிர்ச்சந்து என்று வழி போட்டார்கள். ரோட்டு அதிகாரி ஒருவர், அனுமதியில்லாமல் நிறுத்திய வாகனம் என்று இடம் குறித்து நோட்டீஸ் எழுதிக்கொண்டு வருவார், ஒட்டுவதற்குள் இடம் தப்பாகிவிடும், திருத்தி எழுதிவர ஆபீஸ் போவார், நாலாவது தடவை அவரும் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

மழை வந்தபோது நான்கு மூலைக்கு நான்கு பேர் கம்பு பிடித்துத் தார்ப்பாயோடு நடந்தோம். வேகத்தடையில் காலையில் ஏறியது மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கியது, இறங்குமா இறங்காதா என்று ஊரே வெயிலில் நின்று பார்த்தது. அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், நாச்சிமுத்து பக்கத்தில் பழைய சேலையை விரித்துக் கிடத்தினால் பிள்ளைகள் தூங்கின. யாரோ மாலை போட்டார்கள், ரிவெட்டுக்கு இடைஞ்சல் என்று மேஸ்திரி அதை எடுத்து பாவாயி வண்டிக்குப் போட்டுவிட்டார். அதைவிட விசேஷம், எங்களுக்கும் ஒரு இடத்தில் உட்கார முடியாத வியாதி வந்துவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இப்போது எது வரைக்கும் போயிருக்கும் என்று கால் பரபரக்கும், பாதிச் சோற்றில் எழுந்து ரோட்டுக்குப் போவோம், போய்ப் பார்த்தால் இரண்டு முழம் போயிருக்கும்.

துளசிமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு கூடவே வந்தாள். அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியைத் தூக்கி முன்னால் போடுவாள், உட்காருவாள், மறுபடி தூக்குவாள். அது நின்றுவிடக்கூடாதே என்ற பயத்தில் பகலும் இரவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, பேசும்போது வார்த்தை பாதியில் மறந்துபோகிற அளவுக்கு ஆனாள். அவர்தான் தூங்குகிறாரே, நீ போய்ப் படு என்று பாவாயி சொன்னால், வேலை முடியட்டும் என்பாள். தினமும் காலையில் மேஸ்திரியிடம் எத்தனை நாள் என்று கேட்பாள், அவர் பத்து நாள் என்பார், அவள் அவரை வையும் வசவில் எங்களுக்கே தெரியாத இரண்டு வார்த்தைகள் இருக்கும்.

இப்படி ஒரு வருடம் போனது. அங்கமுத்து மேஸ்திரி ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார், ஆனால் சொல்லவில்லை. தரை முடிந்த அன்று கேரவன் கொஞ்சம் மெதுவானது. கூரையைத் திறந்து புதிதாக மட்கல் கண்டுபிடித்த அன்று வேகம் எடுத்தது. சட்டம் முடிந்தது, மெதுவானது. லேத்திலிருந்து அச்சும் பேரிங்கும் வந்து சக்கரம் மாட்டியபோது, சக்கரம் வந்துவிட்டது இனி ஓடும் என்று நாங்கள் கைதட்டினோம், அது இன்னும் மெதுவானது. பதிமூன்றாம் மாதம் பஸ் கண்ணாடி ரப்பரைச் சீவி ஜன்னலுக்குப் பீடிங் போட்டு முடித்தபோது ஒரு டீக்கு ஒரு சாண்தான் நகர்ந்தது. அன்று மேஸ்திரி துளசிமணியின் நாற்காலி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மணி, வேலை முடிய முடிய இது மெதுவாகுதுங்க. நான் முழுசா முடிச்சுப்போட்டனா நின்னுபோயிருமுங்க."

"நின்னா நிக்கட்டுங்க. ஜீப்புல கட்டி நான் இழுத்துட்டுப் போறேன். அதுக்குத்தான வண்டியே கத்துக்கிட்டேன்."

"சரிங்கம்மணி. அப்ப நீங்க எப்பத் தூங்குவீங்க?"

அவர் தூங்கினால் போதும் என்று அவள் சொன்னாள், அதோடு பேச்சு முடிந்தது. சொல்லப்போனால் மேஸ்திரிக்கும் அந்தப் பதில் நிம்மதியாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு வண்டியும் முழுசாக முடிந்து போனதில்லை. அவசரம் என்று கதவு சரியாகச் சாத்தாமலோ, ஒரு பக்கம் ஒரே கோட் பெயின்டோடோ ஓனர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே ஒரு வண்டியையாவது குறை சொல்ல இடமில்லாமல் முடித்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது, பெரிய ஆசை, வெளியே சொன்னால் சிரிப்போம் என்று வைத்திருந்தார். மிச்சத்தை அவர் செய்த விதத்தைப் பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. ரிவெட் வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. பெயின்டர் ஜமால் இளநீல நிறத்தில் ஏழு கோட் அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து, பின்பக்கம் சின்னதாக நாச்சிமுத்து துளசிமணி என்று எழுதினான்.

பதினான்காம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, டெலிவரி.

எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியையும் மேஸ்திரி கடைசி வரை முடிக்கமாட்டார், கதவுக் கீலில் ஒரே ஒரு ஸ்க்ரூவைத் திருகாமல் விட்டு வைப்பார். ஓனர்தான் அதைத் தன் கையால் திருகவேண்டும். அதுவரைக்கும் வண்டி பட்டறையுடையது, திருகிய பிறகு ஓனருடையது, அதன் பிறகுதான் பூசணிக்காய் உடைப்பார்கள். பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஜீப் முன்னால் தயாராக நின்றது, கொக்கியில் கிரீஸ் தடவியிருந்தது. நான்கு ஊர் ஜனம் ரோட்டில். உள்ளே நாச்சிமுத்து புதுப் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் நீலமாக மின்னிக்கொண்டு கேரவன் ஒரு டீக்கு ஒரு விரற்கடை அளவு நகர்ந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி கழுவித் துடைத்த ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் நீட்டினார். துளசிமணி வாங்கி ஸ்க்ரூவைப் பொருத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள், இரண்டாவது சுற்றினாள். மூன்றாவது சுற்றில் கேரவன் நின்றதா நகர்ந்ததா என்று எங்களுக்கே தெரியவில்லை. உள்ளே குறட்டை நின்றது. கட்டில் கிரீச்சிட்டது, அவர் புரண்டு படுத்து ஒருமுறை இருமினார். பதினான்கு மாதத்தில் அவர் தூக்கத்தில் இருமி நாங்கள் கேட்டதில்லை.

துளசிமணி கை நின்றுவிட்டது. ஜீப்பைப் பார்த்தாள். ஜீப்புக்கு முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தாள், அது நாமக்கல் வரைக்கும், அதற்கு அப்பாலும், அப்பாலுக்கு அப்பாலும் கிடந்தது. அந்த ரோட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இனி எந்த நாளும் நிற்காமல், கண்ணை மூடாமல் போகவேண்டியது தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். கேரவன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கற்பூரம் எரிந்து அணைந்தது.

"மேஸ்திரி," என்றாள். "எனக்குந் தூக்கம் வருதுங்க."

மேஸ்திரி பூசணிக்காயை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இன்னும் எத்தன நாளாகுமுங்க?"

நானூறு தடவைக்கு மேல் அவள் கேட்டுவிட்ட கேள்வி, ஆனால் இந்தத் தடவை அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அங்கமுத்து மேஸ்திரி நூல் பிடித்த ரிவெட் வரிசையைப் பார்த்தார். ஏழு கோட் நீலத்தையும், ஜன்னல் பீடிங்கையும், ஒரு மயிர் இடைவெளி இல்லாமல் பொருந்திய கதவையும் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு வண்டியை அவர் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை.

"பத்து நாளுங்கம்மணி."

துளசிமணி தலையாட்டினாள். திருகிய மூன்று சுற்றையும் திருப்பிச் சுற்றி, ஸ்க்ரூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொரு குறட்டையும் சேர்ந்துகொண்டது. மேஸ்திரி டூல் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே கூரான உளியைத் தேடி எடுத்து, ஏணியில் ஏறி, கூரைத் தகட்டில் தான் அடித்த முதல் ரிவெட்டுக்கு அடியில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். ரிவெட் தெறித்து ரோட்டில் விழுந்தது. யாரோ போய் எதிர்வீட்டு ஜன்னலில் வயர் கேட்டார்கள், பாவாயி பால் காய வைத்தாள், நாங்கள் நாற்காலிகளைத் தூக்கி ஒரு முழம் முன்னால் போட்டு உட்கார்ந்தோம்.